கோபத்துக்கு ஒரு பதிவேடு

விழுந்தவள் எழுந்துவிட்டாள், அந்தக் கவலை வேண்டாம். கடந்த வார அத்தியாயத்தின் முடிவில், பாதி தேய்த்த வாணலியும் கையுமாகப் பாத்திரத் தொட்டியடியில் சரிந்து கிடந்தவளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இருபது ஆண்டுகளாகப் பிறருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்து, அதனாலேயே 'பிரேக் டீச்சர்' என்று பெயரெடுத்தவள். அவளை அடித்துச் சாய்த்தது வேற்றாள் அல்ல. அவளுடைய காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் பொருத்தப்பட்டிருந்த கருவிதான்.

இதயம் தறிகெட்டு ஓடினால் ஒரே அடியில் அதை நிறுத்தி வழிக்குக் கொண்டுவருவது அந்தக் கருவியின் வேலை. எட்டு மாதங்களுக்கு முன் அது முதன்முறை அடித்தபோது, உயிரைக் காத்தது என்று வீடே கும்பிட்டது. அதன்பின் நான்கு முறை அடித்துவிட்டது. ஒவ்வோர் அடியும், பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவன் கதவை எட்டி உதைப்பது போலிருக்கும். கதவு அவளுடைய விலா எலும்பு.

ஓர் அடி விழுந்தால் ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆறு மாதம் முடிவதற்குள் அடுத்த அடி விழும். எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். நேற்று விழுந்தது ஐந்தாவது.

அவள் எழுந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம், கணவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிய சொற்கள் அவள் காதில் விழுந்தன: "நாளைக்குச் சாயங்காலமே வந்து வண்டியை எடுத்துக்குங்க."

அந்த நாளை இன்று விடிந்துவிட்டது.

"யாரைக் கேட்டு வித்தீங்க?" என்றாள் டீச்சர்.

கணவர் காலைக் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் வேலைக்கான பை தோளில் ஏற்கெனவே ஏறியிருந்தது. பதில் சொல்லாமல் கிளம்ப உத்தேசித்திருக்கிறார் என்று பொருள்.

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் கேக்கறேன். யாரைக் கேட்டு வித்தீங்க?"

"இன்னும் விக்கல. பேசியிருக்கேன், அவ்வளவுதான். நம்ம டிரைவிங் ஸ்கூல் ரிவர்ஸ்தான் எடுத்துக்கறான். தெரிஞ்ச ஆள். வண்டியை நல்லா பாத்துப்பான்."

"ரிவர்ஸா? பின்னாடி எடுக்கும்போது தூணைப் பாக்காத ஆளு, என் வண்டியைப் பாத்துப்பாரா?"

"பாத்தியா, மூச்சு வாங்குது உனக்கு. நீ கோபப்பட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? நேத்து பட்டது போதாதா?"

எட்டு மாதங்களாக அந்த வீட்டின் வாக்குவாதங்கள் அனைத்தும் இந்த இடத்தில்தான் முடிந்தன. மாடி அறையில் அவருடைய ஒயர்ச் சுருள்கள் குடியேறியது இப்படித்தான். அவளுடைய பயிற்சிப் பலகை வாசலிலிருந்து பரணுக்கு ஏறியதும் இப்படித்தான். 'கோபப்படாதே' என்று டாக்டர் முதல் நாள் ஒரு பேச்சுக்குச் சொன்னதை வீடு சட்டமாக இயற்றிக்கொண்டது. அந்தச் சட்டத்தின்படி, அவளோடு வாதாடுகிறவர் எவரும் தோற்க முடியாது. அவள் குரல் உயர்ந்தால் போதும், எதிராளி ஜெயித்துவிடுவார்.

டீச்சர் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். வாயை மூடிக்கொண்டு பாத்திரத் தொட்டியை நோக்கி நடந்தாள். கத்த முடியாத வீட்டில் பாத்திரமாவது கத்தட்டும் என்பது அவள் கண்டுபிடித்திருந்த வழி. வாணலியைத் தொட்டியில் நாலு முறை முட்டினால் நாக்கில் நின்ற சொல் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

இன்று வாசற்படியிலேயே கால்கள் நின்றுவிட்டன. தோள்கள் தாமாகக் காதுவரை உயர்ந்தன. அடி வாங்கிய உடம்புக்கு அடி விழுந்த இடம் மறக்காது.

"நீங்க போங்க அண்ணி, நான் தேய்க்கறேன்." நாத்தனார் ரப்பர் செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினுக்கும் தொட்டிக்கும் நடுவே நுழைந்துகொண்டாள். "பத்து மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும். பதிவேட்டை எடுத்து வெச்சுட்டேன்."

பதிவேடு! அதை நினைத்ததும் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றுக்கும் எண்ணிட்டு, முத்திரை குத்தி, கட்டம் போட்டு எழுதிய கை சும்மா இருக்குமா? அண்ணியின் கருவி இரண்டாம் முறை அடித்த அன்றே நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டுவிட்டாள். வரிசை எண், தேதி, நேரம், இடம், கோபத்தின் காரணம், யார் மேல் என ஆறு கட்டங்கள். முதல் அடியையும் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தாள். வீட்டில் எல்லாரும் படித்தது கடைசி இரண்டு கட்டங்களை மட்டுமே.

"எண் மூன்று: அண்ணா ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது. அண்ணா மேல்." "எண் நான்கு: நான் டெலிபோனில் சத்தமாகச் சிரித்தது. என் மேல்." தன்னையும் விட்டுவைக்காத நேர்மை அவளுடையது. ஒருத்தியின் கோபத்துக்குக் கோப்பு திறந்து முத்திரை குத்துவது எத்தனை பெரிய அவமானம் என்பது மட்டும் அந்த நேர்மைக்கு எட்டவில்லை.

* * *

மருத்துவமனையில் கருவிகளைப் பரிசோதிக்கும் அறை, ஒரு கட்டிலும் ஒரு கணினியும் போட்டால் நிரம்பிவிடும் அளவு. டெக்னீஷியன் பெண் வட்டத் தட்டு ஒன்றை டீச்சரின் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, நாத்தனாரைப் பார்த்துக் கேட்டாள்: "அவங்களுக்கு மயக்கம் வந்துச்சா?"

"அவங்க இங்கதான் படுத்திருக்காங்க," என்றாள் டீச்சர். "வாயும் அவங்ககிட்டதான் இருக்கு."

பெண் சட்டென்று திரும்பினாள். முகத்தில் நிஜமான வெட்கம் தெரிந்தது. "சாரிங்க. மயக்கம் வந்துச்சா?"

"வரல. ஒரு தடவையும் வரல. முதல் தடவை மட்டும் கண்ணை இருட்டிச்சு. மத்ததெல்லாம் நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே விழுந்த அடி."

பெண்ணின் புருவம் சுருங்கியது. கருவி தன் நினைவில் சேமித்து வைத்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன. அவள் கணினியை டீச்சரின் பக்கம் திருப்பினாள்.

"இது முதல் அடி. பாருங்க, கிறுக்கின மாதிரி இருக்கா? இது உங்க இதயம். அன்னைக்கு இந்தக் கருவி மட்டும் இல்லேன்னா நீங்க இன்னைக்கு இங்க இல்ல." அவள் அடுத்த கோட்டுக்குப் போனாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். "இது ரெண்டாவது. இது உங்க இதயம் இல்லைங்க."

"பின்ன யாருது?"

"இந்தக் குட்டிக் கோடெல்லாம் பாருங்க. சீப்புப் பல் மாதிரி ஒரே சீரா இருக்கு. எந்த இதயமும் இப்படித் துடிக்காது. இது வெளிலேர்ந்து உடம்புக்குள்ள வந்த கரண்டு. கருவி இதை இதயத் துடிப்புன்னு நம்பி ஏமாந்து போய் அடிச்சிருக்கு. நடுநடுவுல உசரமா நிக்குது பாருங்க, அதுதான் நீங்க. நிமிஷத்துக்குத் தொண்ணூத்தாறு. அழகா ஓடிட்டு இருக்கு."

மூன்றாவது, நான்காவது, நேற்றைய ஐந்தாவது எல்லாவற்றிலும் அதே சீப்பு.

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ கோபம்?"

"கோபமா?"

"நான் கோபப்பட்டா இது அடிக்கும்னு எட்டு மாசமா..." குரல் பிசிறியது. "எங்க வீட்ல அப்படித்தான் சொல்லிட்டு இருக்காங்க."

"கோபப்பட்டா துடிப்பு கொஞ்சம் ஏறும். நூத்திருபது, நூத்திமுப்பது போகலாம். உங்களுக்கு இருநூறைத் தாண்டினாத்தான் அடிக்கற மாதிரி வெச்சிருக்கோம். ரொம்ப மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கன்னு டாக்டர் பொதுவா சொல்லியிருப்பார். அதுக்காகக் கோபமே படக் கூடாதுன்னா எப்படிங்க? இந்த நாலு அடிக்கும் உங்க கோபத்துக்கும் சம்பந்தமே இல்ல." பெண் பேனாவை எடுத்தாள். "அடி விழுந்த நேரத்துல எங்க இருந்தீங்க, எதைத் தொட்டுட்டு இருந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

நாத்தனாரின் விரல் பதிவேட்டில் ஊர்ந்தது. முதன்முறையாக நான்காவது கட்டத்தில் நின்றது. எழுதியவளே அதை அன்றுதான் படித்தாள்.

"எண் ஒன்று, கார்ப் பயிற்சி மைதானம்," என்று வாசித்தாள். "எண் ரெண்டு, தொட்டியடி. எண் மூணு, தொட்டியடி. எண் நாலு..." குரல் தேய்ந்தது. "அண்ணி, கடைசி நாலும் தொட்டியடிதான்."

"தொட்டி பக்கத்துல மெஷின் ஏதாவது இருக்கா? ஈரக் கையோட அதைத் தொடுவீங்களா?"

"வாஷிங் மெஷின் தொட்டியை ஒட்டித்தான் நிக்குது," என்றாள் டீச்சர். "அதுல ஒரு கையை ஊணிக்கிட்டுத்தான் தேய்ப்பேன். வெறுங்காலோட."

"கரண்டை மண்ணுக்கு இறக்கற எர்த் சரியா இருக்கா? கரண்டு கசிஞ்சா தானா விழற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா? யாராவது எலக்ட்ரீஷியனை வெச்சு உடனே..."

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாத்தனார் ஓர் அடி பின்வாங்கினாள்.

"என் வீட்டுக்காரரே எலக்ட்ரீஷியன்தாம்மா."

"அப்போ சுலபமாப் போச்சு," என்றாள் பெண், ஒன்றும் அறியாமல். "பாத்து முடிக்கற வரைக்கும் நீங்க அந்த இடத்துப் பக்கமே போகாதீங்க. இந்த நாலும் உங்க இதயம் பண்ணின தப்பு இல்லன்னு நான் எழுதித் தர்றேன். நிஜமான அடி விழுந்து எட்டு மாசம் ஆச்சு. நீங்க வண்டி ஓட்டறதைப் பத்தி டாக்டர் இந்தக் காகிதத்தைப் பாத்துட்டுச் சொல்லுவார். வர்ற திங்கட்கிழமை வாங்க."

திங்கட்கிழமை. வண்டி போகவிருப்பதோ இன்று மாலை ஐந்து மணிக்கு.

வீடு திரும்பும் வழியெல்லாம் டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கோபம் வந்தபோதெல்லாம் அவள் எங்கே போனாள்? தொட்டிக்கு. எதற்காகப் போனாள்? கோபத்தை விழுங்க. விழுங்கிய இடத்திலேயே அடி விழுந்தது. அடி விழுந்ததும் 'பாத்தியா, கோபப்பட்டே' என்றார்கள். அடுத்த முறை இன்னும் ஆழமாக விழுங்குவதற்கு இன்னும் விரைவாகத் தொட்டிக்குப் போனாள். நின்ற இடத்தில் நின்று இரைந்திருந்தால் நான்கில் ஓர் அடியும் விழுந்திருக்காது.

* * *

கணவர் வாசலில் காருக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். விற்கிற பொருளுக்குத்தான் வீட்டில் எத்தனை உபசாரம்!

"டெஸ்டரை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க," என்றாள் டீச்சர்.

"என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

"டெஸ்டரை எடுங்க."

குரலில் இருந்ததைக் கேட்டு அவர் துணியைக் கீழே போட்டார். டீச்சர் தொட்டியடி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். அவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நாத்தனார் மெஷினை ஓடவிட்டாள்.

டெஸ்டரின் முனை குழாயைத் தொட்டது. அதன் வயிற்றுக்குள் சிறிய ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மெஷினின் மேல் வைத்தார். எரிந்தது. தொட்டியின் விளிம்பில் வைத்தார். அங்கும் எரிந்தது.

"ட்ரிப் சுவிட்ச் ஏன் விழல?"

அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். சுவிட்சைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டு ஒயர் மேலிருந்து கீழே நேராகப் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் இல்லாத கண்ணுக்கும் அது ஒட்டுவேலை என்று தெரிந்தது.

"அடிக்கடி விழுந்துட்டே இருந்துச்சு," என்றார். "மெஷின் போடும்போதெல்லாம் வீடே இருட்டாகும். தொந்தரவா இருக்குன்னு டைரக்டா போட்டேன். வேற வாங்கி மாட்டலாம்னுதான்... ஆறு மாசம் ஓடிப்போச்சு."

"அது ஏன் விழுந்துச்சு?"

அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார்.

"சொல்லுங்க. ஊர்ல யாராவது ஃபோன் பண்ணி, சார், ட்ரிப் சுவிட்ச் விழுந்துட்டே இருக்குன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

"...எங்கியோ கசியுதுன்னு சொல்லுவேன்."

"எர்த்?"

"அந்தப் பிளக்ல எர்த் ஒயர் ரொம்ப நாளாவே விட்டுப் போச்சு."

"விட்டுப் போச்சு!" டீச்சரின் குரல் ஏறியது. தடுக்க அவள் முயலவில்லை. "ஊர் வீடெல்லாம் எர்த் குழி தோண்டினீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் தோண்டல. எதுக்குத் தோண்டணும்? அதான் வெறுங்காலோட ஒருத்தி நிக்கறாளே! நம்ம வீட்டுக்கு எர்த்தே நான்தானா?"

"கத்தாதே, உனக்கு..."

"எனக்கு என்ன ஆகும்? சொல்லுங்க, என்ன ஆகும்? அது கோபத்துக்கு அடிக்கலங்க! உங்க ஒயருக்கு அடிச்சுது!" அவள் மருத்துவமனைக் காகிதத்தை அவர் மார்பின் மேல் வைத்து அழுத்தினாள். "என் வண்டியில ரெண்டு பிரேக் இருக்கு. கத்துக்கறவங்க காலடியில ஒண்ணு, என் காலடியில ஒண்ணு. என் பிரேக்குல நான் காலை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தா ஒருத்தரும் ஓட்டக் கத்துக்க மாட்டாங்க. இந்த வீட்ல எட்டு மாசமா எல்லாரும் என் மேல வெச்ச காலை எடுக்கவே இல்ல!"

வாசலில் ஹாரன் ஒலித்தது. மணி ஐந்து.

ரிவர்ஸ் என்னும் அந்தப் பயிற்சிப் பள்ளிக்காரர் தம் வண்டியிலிருந்து இறங்கி, மெருகேறிய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து இரண்டாவது பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"கையை எடுங்க," என்றாள் டீச்சர்.

"என்ன டீச்சர், சார் பேசினாரே?"

"சார் பேசினார். நான் பேசல. வண்டி என்னோடது. விக்கறதா இல்ல."

"அட, கோபப்படாதீங்க டீச்சர். உங்க உடம்புக்கு அது ஆகாதாமே? சார் ரொம்ப வருத்தப்பட்டார்."

"ஆகும்!" தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லா ஆகும்! இனிமே தினம் ரெண்டு வேளை கோபப்படப் போறேன்! வேணும்னா ஒரு வேளைக் கோபத்தை நீங்க வந்து வாங்கிக்குங்க!"

சொல்லி முடித்த கணத்தில் இதயம் கழுத்துவரை ஏறி அடிப்பதை உணர்ந்தாள். நூற்றுமுப்பது இருக்கும். தோள்கள் தாமாக உயர்ந்தன. கண்கள் இறுக மூடின. உள்ளே பூட்டியிருப்பவன் இப்போது கதவை உதைப்பான்.

உதைக்கவில்லை.

ஒரு மூச்சு. இரண்டாம் மூச்சு. தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு முழுக் கோபம் வெளியே வந்தது. வந்த பின்னும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ரிவர்ஸ் தம் வண்டியில் ஏறிப் பின்னோக்கி எடுத்தார். எதிர்வீட்டுத் தூணில் 'டங்' என்று ஓர் ஓசை கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அவள் உள்ளே வந்தபோது நாத்தனார் தொட்டியடி வாசலில் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணி, இதுல நான் எழுதாத ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"நீங்க ரெண்டாவது தடவை விழுந்தீங்களே, அதுக்கு மறுநாள் அந்தக் குழாயைத் தொட்டேன். கையில சுருக்குன்னு இழுத்துச்சு. அண்ணா கிட்ட சொன்னேன். அவரும் தொட்டுப் பாத்தார்."

"பாத்துட்டு?"

"ரப்பர் செருப்பு போட்டுக்கோன்னார். அவரும் ஒண்ணு வாங்கிக்கிட்டார்." நாத்தனார் விம்மினாள். "நானே சரி பண்ணிடறேன், அண்ணி கிட்ட மட்டும் சொல்லாதே, பயந்துடுவா, பயந்தா கருவி அடிக்கும்னார். நானும் நம்பிட்டேன் அண்ணி. சத்தியமா உங்க நல்லதுக்குன்னுதான் நம்பினேன்."

டீச்சர் கீழே பார்த்தாள். நாத்தனாரின் காலில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. உள்ளே, திறந்த பெட்டியின் முன்னால் முதுகைக் காட்டி நின்ற கணவரின் காலில் இன்னொரு ஜோடி. ஐந்து மாதங்களாக அவள் தினமும் தாண்டிப் போன செருப்புகள். தரை வழுக்குகிறது போலும் என்று நினைத்து ஒருநாளும் கேட்காமல் விட்டவை.

இத்தனை நேரம் கத்திய குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வு நாத்தனாரை இன்னும் ஓர் அடி பின்வாங்கச் செய்தது.

"என்னங்க," என்றாள் டீச்சர். "மூணு பேர் இருக்கற வீடு. மூணாவது ஜோடி எங்க?"

பெட்டிக்குள் அந்தத் துண்டு ஒயரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை.